‘ரன்’ என்ற சொல்லின் பதினோரு மாதங்கள்

‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் எழுத ஆரம்பித்த திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, அகராதி அலுவலகத்தின் உதவித் தொகுப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்தாள். அதன்பின் பதினோரு மாதம் அவளால் உட்கார முடியவில்லை. மருத்துவர் முட்டியைத் தட்டிப் பார்த்து, முட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

அலுவலக வழக்கப்படி ஒரு பொருளுக்கு ஓர் அட்டை. மற்ற சொற்கள் ஏழெட்டு அட்டையில் அடங்கின. இதுவோ கால், ஆறு, மூக்கு, வதந்தி, தேர்தல் வேட்பாளர், இழை பிரிந்த காலுறை என்று ஆங்கிலத்தில் ஓடுவதெல்லாம் சேர்ந்து அறுநூற்றைத் தாண்டியும் அடங்கவில்லை. சாயம் ஓடுவதை எழுதிய அன்று திரைச்சீலையின் நீலம் சுவரில் இறங்கியது. மூக்கு ஓடுவதை எழுதிய அன்று கணக்குப் பிரிவு முழுக்கத் தும்மியது. அட்டைகள் மதியத்துக்குள் ஜன்னல்வரை நடந்துவிடும். பெருக்குகிறவர் திருப்பி ஓட்டிவருவார். தலைமை ஆசிரியர் அவளோடு நடந்துகொண்டே ஆறுதல் சொன்னார்: “தானா ஓடுறதுக்கு ஒண்ணு, அடுத்தவனை ஓட வைக்க ஒண்ணுன்னு ரெண்டு பழைய சொல்லு சேர்ந்து பொறந்ததும்மா இது. ரெண்டு வீட்டுச் செல்லம். அடங்குமா?”

கணவன் பஸ் டிரைவர். நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பவன். வீட்டிலோ அவள் தட்டும் கையுமாக அடுப்படிக்கும் வாசலுக்கும் அலைந்தாள். தூக்கமும் நடையில்தான். “மேல என்ன, செக்கு ஆட்டுறீங்களா?” என்று கீழ்வீட்டுக்காரர் கத்தினார்.

“நான் கட்டுனது பொண்டாட்டியையா, பெண்டுலத்தையா?” என்றான் கணவன் ஒருநாள். “ஒரே ஒரு வேளை பக்கத்துல உக்காந்து சாப்பிடு. இல்லன்னா நாளைக்கு அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்.”

“நானாங்க மாட்டேங்கிறேன்? உக்கார விட மாட்டேங்குதே!”

மறுநாள் அவன் துணிப்பையோடு வேலைக்குக் கிளம்பினான். அவள் கெஞ்சிக்கொண்டே பின்னால் போனாள், பஸ்ஸிலும் ஏறினாள். அவன் கோபத்தோடு வண்டியை எடுத்தான். மூன்றாவது நிறுத்தம் தாண்டிக் கண்ணாடியில் பார்த்தபோது, அவள் முதல் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு. வண்டி ஓடும்போது அவள் ஓட வேண்டியதில்லை போலும். அன்று மாலை அவன் துணிப்பையை வீட்டுக்கே கொண்டுவந்தான்.

இப்போது அவளுடைய அலுவலகமும் அந்த இருக்கைதான். சொல் இன்னும் முடியவில்லை. நேற்று எழுநூற்றுப் பன்னிரண்டாவது அட்டை. மதியம் கடைசி நிறுத்தத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டு. டிப்போவில் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அந்த வண்டிக்கு மட்டும் தினமும் அரை லிட்டர் டீசல் கூடுதலாக எழுதிக்கொண்டார்கள்.