கால் பக்கத்திலிருந்து ஒரு படம்

"கால் கட்டைவிரல் தலையைவிடப் பெரிசா வரணும். பயப்படாம பெரிசாவே போடு" என்றார் அப்பா, கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி.

மகள் கால்மாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, துணி உலர்த்தும் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட கேமரா, காகிதத்தையும் கட்டிலையும் சேர்த்துப் பதிவு செய்துகொண்டிருந்தது. காலையில் வந்த டாக்டர் வாசலில் நின்று, "இன்னிக்கோ நாளைக்கோ" என்று ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் அப்பாவுக்கு எறும்பு தும்மினாலும் கேட்கும். "அப்ப இன்னிக்கே எடுத்துடலாம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எடுக்க வேண்டியது ஒரே ஒரு பாடம். ஓவிய ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கண், மூக்கு, குடை, பிய்ந்த செருப்பு என்று அகப்பட்டதையெல்லாம் வரைந்து காட்டி இணையத்தில் போட்டுவிட்டார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், தன் குரலைச் சேர்த்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். வரைகையில் வந்த தப்பைக்கூட வெட்டமாட்டார். பென்சில் பிடிப்பவர்களில் உலகத்தில் பாதிப் பேர் தன் மாணவர்கள் என்பது அவர் கணக்கு. மீதிப் பாதிக்கு இன்னும் இணையம் போய்ச் சேரவில்லையாம்.

படுத்திருப்பவரைக் கால் பக்கத்திலிருந்து வரைவது மட்டும் பாக்கி. ஓவிய வகுப்பே இல்லாத பள்ளியில் படிக்கும் ஒரு பெண், எங்கிருந்தோ, திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவின் விரலில் இப்போது பென்சில் நிற்பதில்லை. ஆகவே வரைய மகள், படுக்க அவர்.

"என் புருஷன் என்ன பழத்தட்டா, ஊரே சுத்தி உக்காந்து வரைய?" அம்மா வாசற்படியை விட்டு நகரவில்லை. "அந்தக் கேமராவை அணைச்சிட்டு அவர் கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காருடி."

"கைப் பாடம் எப்பவோ எடுத்தாச்சு" என்றார் அப்பா.

அம்மா விருட்டென்று சமையலறைக்குப் போனாள். ஒரு பாத்திரம் தேவைக்கு மேல் சத்தம் போட்டது.

"அப்பா, ஆடாதீங்க!"

அவர் ஆடாமல் இருந்ததாக வரலாறே கிடையாது. கல்யாணப் போட்டோவிலேயே அவருக்கு மூன்று கை, ஒன்றரை மூக்கு. இப்போதும் தலையைத் தூக்கிக் காகிதத்தை எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு அசைவுக்கும் மூச்சு விசிலடித்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் மகளின் கோடு கோணியது. முடித்துவிட முடியுமா? அழித்தாள், மறுபடி போட்டாள்.

"இடுப்பு எங்கம்மா போச்சு?"

"நீங்கதான் தூக்கிட்டீங்க."

"இப்ப வச்சிட்டேன். போடு."

அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை.

"அப்படியே இருங்கப்பா. பிரமாதம்!" கை தானாக ஓடியது. முழங்கால், வயிற்றின் மேடு, அதற்கப்பால் மார்பு. போர்வையின் மடிப்புகள் போட்டது போட்ட இடத்திலேயே நின்றன. ரப்பரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. "இன்னிக்குத்தான் சொன்ன பேச்சைக் கேக்கறீங்க" என்று சிரித்தாள்.

பதில் வரவில்லை.

பதில் சொல்லாத அப்பாவை அவள் அதுவரை பார்த்ததில்லை. மார்பின் மேல் கிடந்த மடிப்பையே பார்த்தாள். அது ஏறவில்லை, இறங்கவில்லை.

"அம்மா" என்றாள். குரல் உயரவில்லை. ஆனாலும் சமையலறையில் சத்தம் நின்றது.

அம்மா வந்தாள். "ஏங்க" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். அவர் நெஞ்சில் கையை வைத்தாள், வெகுநேரம் எடுக்கவில்லை.

மகள் எழுந்து கேமராவை நோக்கிக் கையை நீட்டினாள். "அதட்டிக்கிட்டே இருந்தேம்மா. சிரிக்க வேற சிரிச்சேன். எல்லாம் இதுல இருக்கு. அழிச்சிடறேன்."

அம்மா காகிதத்தைக் குனிந்து பார்த்தாள். கழுத்து வரை வந்து நின்றிருந்தது.

"முகம் இன்னும் போடலையே" என்றாள்.

மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். அம்மா ஜன்னலுக்குப் போய்த் திரையை ஒதுக்கினாள். வெளிச்சம் தலையணையில் விழாததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் இழுத்தாள். பிறகு நாற்காலியை, படத்தில் விழாத தூரத்துக்கு நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.