ஒன்பதாவது ஆள்

உறையில் ஊர்ப் பெயர் சரியாக இருந்தது. கதவு எண்ணும் தெருப் பெயரும்தான் இல்லை. ‘போரின்போது விமானம் விழுந்த தெருவில் யாராவது ஒருவருக்கு’ என்று எழுதியிருந்தது.

பதினெட்டு வருடமாக அந்தத் தெருவுக்குத் தபால் கொடுக்கும் தபால்காரம்மாவுக்கு அதைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. தையல்காரர் கடைக்குக் கொண்டுபோனாள். அந்த இடத்தில் போர்க்காலத்தில் ஒரு சலவைக்கடை இருந்தது. குண்டு போடப் போய்த் திரும்பிய நம் தரப்பு விமானம் ஒன்று, எஞ்சினில் தீப்பிடித்து அதன்மேல் விழுந்தது. கடையின் வெளிச்சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். விமானத்தில் இருந்த ஆறு பேரின் பெயர், பதவி, வயது எல்லாம் அதில் உண்டு. அடியில், ‘மற்றும் பொதுமக்கள் ஒன்பது பேர்.’

“நீயே படிம்மா. என் கண்ணாடி ஊசி கோக்கத்தான் லாயக்கு,” என்றார் தையல்காரர்.

எழுதியவர், இறந்த விமானத் துப்பாக்கி வீரனின் தங்கை. அப்போது அவருக்கு ஆறு வயது. இப்போது எண்பது தாண்டிவிட்டது. வருடா வருடம் அந்தத் தேதியில் ஆறு பெயரையும் வாய்விட்டுச் சொல்வாராம். ‘மற்ற ஒன்பது பேரை என்னவென்று சொல்வது? பெயர் தெரிந்தால் எழுதுங்கள். எங்கள்மேல் கோபமிருந்தால் எழுத வேண்டாம்.’

தையல்காரர் கொஞ்ச நேரம் அளவுநாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். “அந்தப் பசங்க மட்டும் வேணும்னா விழுந்தாங்க? தேடிப் பார்த்துடலாம்,” என்றார்.

தபால் கொடுக்கும் வீடுகளில் எல்லாம் அவள் விசாரித்தாள். மூன்று வாரத்தில் எட்டுப் பெயர் சேர்ந்தது: சலவைக்கடைக்காரர், அவர் மனைவி, இஸ்திரி போட்ட மூன்று பெண்கள், எதிர்வீட்டுத் தாயும் குழந்தையும், பால்காரர். ஒன்பதாவது ஆளைப் பற்றி நகராட்சிப் பதிவேட்டில், ‘ஆண், சுமார் இருபத்தைந்து வயது, அடையாளம் தெரியவில்லை’ என்று மட்டும் இருந்தது.

முடிதிருத்தும் கடையில் தபாலைக் கொடுக்கும்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னாள். கடைக்காரரின் கத்தி, வாடிக்கையாளரின் பாதிக் கன்னத்தில் நின்றுவிட்டது.

“அது எங்க மாமா,” என்றார். “அம்மாவோட அண்ணன். ஆனா எங்க வீட்டுல அவர் காய்ச்சல்ல போயிட்டார்னுதான் சொல்லுவாங்க.”

“ஏண்ணே?”

“ஆலையில காய்ச்சல்னு சொல்லி லீவு போட்டிருக்கார். ஒரு பொண்ணோட சினிமாவுக்குப் போகணும். தேய்ச்ச சட்டையை வாங்கத்தான் அங்க நின்னிருக்கார். போர்க்காலத்துல பொய் லீவுன்னா ஜெயில்கூட உண்டாம். தாத்தாவுக்கும் அதே ஆலைலதான் வேலை. வெளிய தெரிஞ்சா வம்புன்னு வாயே திறக்கலை. அம்மா கடைசிக் காலத்துலதான் என்கிட்ட சொன்னாங்க.”

“மத்த எட்டுப் பேரோட அவர் பேரையும் அந்தக் கல்லுல போடலாமா?”

அவர் தயங்கினார். நாற்காலியில் இருந்தவர் சோப்பு நுரையோடு வாய் திறந்தார். “போடச் சொல்லுப்பா. ஆலையை இடிச்சே முப்பது வருஷம் ஆச்சு. இனிமே யாரு வந்து விளக்கம் கேட்கப் போறாங்க?”

கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, வாடிக்கையாளரின் துண்டிலேயே துடைத்துக்கொண்டார். பிறகு மாமாவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

அடுத்த நினைவு நாளுக்குள் ஒன்பது பெயரும் கல்லில் ஏறிவிட்டன. கடிதம் எழுதிய அந்த அம்மா, பதில் கிடைத்து மகளோடு ரயிலில் வந்தார். ஒன்பது பெயரையும் அவர்தான் படித்தார். விமானத்து ஆறு பெயரையும் முடிதிருத்துபவர் படித்தார்.

தையல்காரர் கடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மாமாவின் கதையைக் கேட்ட அந்த அம்மா, “எங்க அண்ணனுக்குப் பத்தொன்பதுதான். ஒரு பொண்ணோடயும் சினிமா பார்த்திருக்க மாட்டான்,” என்றார்.

“எங்க மாமா பார்த்திருக்காரும்மா. அந்த மாசத்துலயே அது மூணாவது காய்ச்சலாம்.”

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். இன்னும் சொல்லுங்கள் என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தபால்காரம்மாவுக்கு இன்னும் இரண்டு தெரு பாக்கி இருந்தது. ஆனாலும் பையை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.