அம்மனைச் சுற்றிப் பழகிய சைக்கிள்

சோனியா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அதனால்தானோ என்னவோ, சொன்ன ஒரே பெரிய பொய்யை ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டாள். "பருத்தே சார்!" தெரியும் என்று கன்னடத்தில்.

அபார்ட்மென்ட் மேனேஜர் அஷ்வின் கேட்டது அப்படியொன்றும் கஷ்டமான கேள்வியில்லை. சூப்பர்வைசர் ஆண்ட்ரூ மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார். பதினான்கு டவரையும் சுற்றிவந்து சுத்தம் பார்க்கிற அந்த வேலைக்கு ஒரு சைக்கிளும் ஒரு வாக்கி டாக்கியும் உண்டு. "சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று சோனியாவையும் ஷில்பாவையும் நிறுத்திவைத்துக் கேட்டார். ஷில்பா வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான், ஆனால் தினமும் சைக்கிளில் வருகிறவள். சோனியா ஒன்பது வருஷமாக மாடிப்படி துடைத்து முட்டி தேய்ந்தவள். இன்னொரு ஒன்பது வருஷம் அந்தப் படிகளில் குனிய வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் வாய் முந்திக்கொண்டது.

"சரி, நீங்கதான் சீனியர். ஒண்ணாந்தேதி ஓட்டிக் காட்டுங்க. வரலேன்னா ஷில்பாவுக்கு" என்றார் அஷ்வின். இருபத்திரண்டு நாள் இருந்தது.

விஷயத்தைக் கேட்ட புருஷன் பிரகாஷ் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். "நம்ம தீபிகா ரெண்டே சாயங்காலத்துல கத்துக்கிட்டா. நீ என்ன, நாலு நாளு."

எட்டு வயது தீபிகா அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

அவர்கள் குடியிருக்கும் நீலசந்திராவில் சைக்கிள் பழக இடம் தேடுவது, பஸ்ஸில் காலை எட்டரை மணிக்கு சீட் தேடுவது மாதிரி. அவர்கள் சந்தில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். கொஞ்சம் அகலமான இடம் ஒன்றே ஒன்றுதான். தெரு நடுவில் மாரியம்மன் கோயில் நிற்கிறது, தெரு இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. பஞ்சர் கடையில் ஒரு லேடீஸ் சைக்கிளை இரவல் வாங்கி, விடிகாலை ஐந்து மணிக்கு அங்கே போய் நின்றார்கள்.

பிரகாஷ் கேரியரைப் பிடித்துக்கொண்டான். சோனியா ஏறி உட்கார்ந்து, கோயில் தன் இடக்கைப் பக்கம் வருகிற மாதிரி ஹேண்டிலைத் திருப்பியதுதான் தாமதம், கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த முத்தம்மா கத்தினாள்.

"ஏண்டி, அம்மனை யாராவது இடமா சுத்துவாங்களா? சைக்கிள்ல போனா மட்டும் அவளுக்குக் கண்ணு தெரியாதா? திருப்புடி!"

திருப்பினார்கள். அன்றிலிருந்து வலம்தான்.

நாலு நாள் எட்டு நாளாயிற்று, எட்டு பதினைந்தாயிற்று. முழங்கை சிராய்த்தது, புடவை விட்டுச் சுடிதாருக்கு மாறினாள், கோயில் உண்டியலில் ஒரு தடவை மோதி மன்னிப்பும் கேட்டாள். பின்னால் ஓடி ஓடி பிரகாஷின் தொப்பைதான் இறங்கியது. சோனியாவுக்கோ பயம் இறங்கவில்லை. மனசு வெறுத்துப் போய் ஒரு நாள் நடுத்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு மட்டும் ரெண்டு நாள்ல வந்துச்சே மா, உனக்கு ஏன் வரல?" என்றாள் தீபிகா.

"நீ உழுந்தா ரெண்டடி, எழுந்து ஓடிடுவே. அம்மா உழுந்தா அஞ்சடி. கூடவே நாளைக்கு வேலை, முட்டி, சோறாக்கறது எல்லாம் சேந்து உழுது. அதான் லேட்டு" என்றான் பிரகாஷ். சோனியாவுக்கு அந்த நேரத்தில் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தெருவாயிற்றே என்று விட்டுவிட்டாள்.

பத்தொன்பதாம் நாள். "உடாதீங்க! உட்டுடாதீங்க! புடிச்சிருக்கீங்களா?" என்று வழக்கம்போல் கத்திக்கொண்டே கோயிலைச் சுற்றி வந்தவள், முன்னால் பார்த்தாள். முத்தம்மா பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்து பிரகாஷ் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி மனுஷா!"

கோபம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். எப்படி நிறுத்துவது என்பது மட்டும் மறந்துபோயிற்று. சுற்றினாள், சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் பிரகாஷுக்கு ஒரு திட்டு விழுந்தது. முத்தம்மா பூவைக் கீழே போட்டுவிட்டு எண்ணினாள். "பதினொண்ணு! போதும்டி, வேண்டுதலே நெறைஞ்சிருச்சு, எறங்கு!"

ஒண்ணாந்தேதி புதுச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, இடுப்பில் வாக்கி டாக்கி. ஆபீஸ் வாசலில் ஷில்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அஷ்வின் ஆறாவது டவர் முன்னால் இருந்து கூப்பிட்டார். "சோனியாம்மா, இங்க வாங்க. ஓவர்."

ஆறாவது டவர் ஒன்றும் தூரமில்லை. நேரே போய் இடது பக்கம் திரும்பினால் ஐம்பது தப்படி. சோனியா ஜம்மென்று மிதித்துப் போனாள். திருப்பத்தில் ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினாள். உடம்பு திரும்பவில்லை. தோள் மாட்டேன் என்றது, இடுப்பு மாட்டேன் என்றது, சைக்கிள் ஆடத் தொடங்கியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருபத்திரண்டு நாளில் ஒரு தடவைகூட அவள் இடது பக்கம் திரும்பியதே இல்லை!

விழுவதா, திரும்புவதா? சைக்கிள் தானாகவே வலது பக்கம் போயிற்று.

அஷ்வின் கையை நீட்டியபடி நிற்க, சோனியா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த்திசையில் மறைந்தாள். வலது, மறுபடி வலது. பதினான்கு டவருக்கும் பின்னால் ஓடுகிற வெளிச்சாலை முழுவதும் மிதித்து, மூச்சு வாங்க, ஆறாவது டவருக்கு மறுபக்கத்திலிருந்து வந்து சேர்ந்தாள். ஷில்பா அதற்குள் நடந்தே வந்து அஷ்வின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஏனம்மா, எங்க போயிட்டீங்க?"

சொல்லச் சாக்கு கையிலேயே இருந்தது. முதல் நாளாயிற்றே, முழு ரவுண்டு பார்த்துவிட்டு வந்தேன் என்றால் முடிந்தது. ஆனால் ஒரு பொய்க்கே இத்தனை நாள் முழங்கை தேய்ந்திருக்கிறது. இன்னொன்றைத் தாங்க அவளால் ஆகாது.

"சார், அன்னிக்கு எனக்கு சைக்கிள் தெரியாது. பொய் சொன்னேன். அப்புறம்தான் கத்துக்கிட்டேன், கோயிலைச் சுத்தி. கோயிலை வலமாத்தானே சுத்தணும்? அதனால ரைட்டு மட்டும்தான் வருது சார். லெஃப்ட்டு வரல."

அஷ்வின் அவளையே பார்த்தார். சோனியா போகிற போக்கில் கண்ணில் பட்டதையாவது சொல்லிவிடலாம் என்று சொன்னாள். "ஒன்பதாவது டவர் பின்னாடி குழாய் தொறந்தே கிடக்கு சார். பதினொண்ணுல கொழந்தைங்க விளையாடற எடத்துல கண்ணாடித் துண்டு. பதிமூணுல குப்பை ரூம் கதவு சாத்தல, நாய் உள்ள போயிருக்கு."

"ஆண்ட்ரூ பின்பக்கம் போனதே இல்லை" என்றார் அஷ்வின் மெதுவாக. "பின்பக்கத்து கம்ப்ளைன்ட் வராத நாளும் இல்லை." அதற்கப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "நீங்க ரைட்லயே போங்கம்மா. வேலை உங்களுக்குத்தான். லெஃப்ட் வரும்போது வரட்டும்."

ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஷில்பா வந்தாள். முறைப்பாள் என்று எதிர்பார்த்திருந்தாள் சோனியா. அவளோ வாக்கி டாக்கியை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் நின்றாள். "சக்கரத்தைப் பாக்காதீங்க அக்கா, என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே வாங்க."

முதல் தடவை காலை ஊன்றிவிட்டாள். இரண்டாம் தடவையும் ஊன்றினாள். மூன்றாம் தடவை ஷில்பாவின் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த மூஞ்சி மெல்ல நகர்ந்து, பக்கத்தில் வந்து, பின்னால் போயிற்று. இடது பக்கம் திரும்பியிருந்தாள்.

"அஷ்வின் சார்!" ஷில்பா வாக்கி டாக்கியில் அலறினாள். "அக்காவுக்கு லெஃப்ட் வந்திருச்சு! ஓவர்!"

பதினான்கு டவர் வாட்ச்மேன்கள் கையிலும் அது ஒலித்தது. எங்கிருந்தோ ஒருவர் விசிலடித்தார், இன்னொருவர் கை தட்டினார்.

சோனியா நிறுத்தவில்லை. தொட்டியை இடது பக்கமாகச் சுற்றினாள், இன்னொரு தடவை சுற்றினாள். சிரிப்பும் கண்ணீருமாக, நீலசந்திரா இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே, இது வெறும் தண்ணித் தொட்டிதான். கோச்சுக்காதே!"

அப்புறம்தான் தெரிந்தது, அவள் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தாள்.