சாம்பவியின் சடங்கு வீடியோவில் பதின்மூன்றாம் பாகம்

சாம்பவியின் சாமத்தியச் சடங்கு வீடியோவுக்குள் யப்பான் மல்யுத்த வீரன் ஒருவன் வந்து சேர்ந்தது, சடங்கு முடிந்து இருபத்தேழு வருடம் கழித்து. பச்சை முகமூடி, மேலில் சட்டையில்லை. பலகாரத் தட்டுகளுக்குப் பின்னால் மரியாதையாகக் கைகட்டி நின்றான்.

பிழை தகப்பன் சிவபாதத்தாருடையது. சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடத்தில் குடியிருந்தபோது, புதுக் கசெற் வாங்கக் கடைக்குப் போகப் பஞ்சிப்பட்டு, கட்டடத்தின் கீழறையில் யாரோ எறிந்துவிட்டுப்போன கசெற்றிலேயே மகளின் சடங்கைப் பதிய வைத்தார். அதில் முன்பு இருந்தது பழைய யப்பான் தொடரொன்றின் கடைசிப் பாகம், பதின்மூன்றாவது. முதல் பன்னிரண்டிலும் அந்த வீரன் தோற்கிறான். தோற்ற கையோடு விளக்குமாறெடுத்து மேடையைத் தானே கூட்டிவிட்டுப் போகிறான். அந்தக் கூட்டலுக்காகவே உலகமெங்கும் ஒரு அறுபது சேகரிப்பாளர்கள் பைத்தியமாகத் திரிந்தார்கள். பதின்மூன்றாம் பாகம் வேறெங்கும் கிடைக்காததால், கடைசியில் வென்றானா என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. தொடரின் பெயர் இன்னும் ஒட்டியிருந்த கசெற் மட்டையைச் சாம்பவி படமெடுத்து இணையத்தில் போட்டதும் அறுபது பேரும் விழித்துக்கொண்டார்கள்.

தாய் யோகமலரோ ஒருவருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன் என்றாள். சிவபாதத்தார் செத்து ஆறு வருடம். அவர் நடந்து சிரிக்கிற படம் இது ஒன்றுதான். போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வீரன் ஓரடி முன்னுக்கு வர, சடங்கில் ஒரு நிமிடம் அழிந்தது. சாம்பவியின் தலைக்குப் பால் வார்த்தது போய்விட்டது. அடுத்தது சிவபாதத்தார் பந்தி பரிமாறும் இடம். கசெற்றைச் சாமியறையில் வைத்துப் பூட்டினாள்.

இப்போது இருக்கிற அஜின்கோர்ட் வீட்டுக்கு நிதுசன் என்ற சேகரிப்பாளன் இரண்டு கூட்டாளிகளோடு வந்தான்.

"ஒருக்கா மட்டும், அன்ரி. பன்னிரண்டு தரம் தோத்தவர். முடிவு தெரியாம I can't sleep."

"உமக்கு முடிவு தெரியும். என்ர மனிசன் அழிஞ்சு போனா?"

நிதுசன் யோசித்தான். அப்படியென்றால் போட வேண்டாம் என்று சொல்லி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினான். வற்புறுத்தாமல் எழும்பியதுதான் அவளை இளக்கியது. அவர்களை இருக்கச் சொல்லி, கசெற்றை எடுத்துவந்து டெக்கில் போட்டாள்.

வீரனும் அவனோடு மோத வந்த ஒரு தடியனும் ஆலாத்தித் தட்டுகளுக்கு நடுவே கட்டிப்புரண்டார்கள். வீரன் தடியனை மல்லாத்தி அமுக்கினான். ஆனால் மூன்று எண்ணி வெற்றி சொல்ல நடுவர் இல்லை. சிவபாதத்தார் சோற்றுச் சட்டியை இறக்கிவைத்து, வேட்டியை மடித்துக்கட்டி, முழந்தாளிட்டு நிலத்தில் மூன்று தரம் அடித்தார். பிறகு வீரனின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கமராவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். சோபாவில் மூன்று ஆம்பிளைகள் அழுதார்கள்.

வீரன் மண்டபத்தைக் கூட்டினான். பிறகு, சடங்கு நடந்த வருடம் விசா கிடைக்காத யோகமலரின் அண்ணனுக்காக வெறுமையாக விட்டிருந்த தாய்மாமன் இடத்தில் போய் நின்றான். அழிந்த நிமிடங்கள் எல்லாம் திரும்பி வந்தன, பால் வார்த்தது உட்பட.

"என்ர மனிசன் போகேல்லை," என்றாள் யோகமலர். ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

வீரன் அதற்குப் பிறகு இடம் மாறவில்லை. வீடியோ பார்க்க வருகிற சொந்தக்காரர் முகமூடிக்காரன் யாரென்று கேட்டால், பிள்ளையின் மாமன் என்கிறாள். அவர் சாப்பிட்டவரோ என்று மட்டும் விசாரிக்கிறார்கள்.