மூவாரில் ஒரு தடை வீடு

மூவார் நகரில் சுகந்தினியின் வீட்டின்மேல் பழைய காலத்துப் பாப்பரசரின் தடை இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பக்கத்து வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடைக்காலத்தில் ஓர் அரசன் பாப்பரசரை எதிர்த்தால் அவன் நாடு முழுக்க இந்தத் தண்டனை விழும்; மணி அடிக்காது, பூசை நடக்காது. இங்கே முதலில் ஊமையானது ஒரு கைமணி. பக்கவாதத்தில் பேச்சிழந்த அப்பா சிவசம்பு மகளைக் கூப்பிட வைத்திருந்த மணி. கட்டிலிலிருந்து விழுந்து தரையில் கிடந்தபடி அவர் அதை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், சத்தமே எழவில்லை. சுகந்தினி தற்செயலாகத்தான் அறைக்குள் வந்தாள். அன்றிலிருந்து அவள் நிம்மதியாகக் குளித்ததுகூட இல்லை.

வாசல் மணியும் கைபேசியும் அப்படியே அடங்கின. கேட்டுக்கு வெளியே கொண்டுபோனால் கைமணியும் கைபேசியும் ஒலித்தன. மாதா படத்துக்கு முன் மெழுகுவத்தி பற்றவில்லை. மூவார் வெயிலில் வீட்டின் தரை மட்டும் கல்லறைபோல் குளிர்ந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். வக்கீலான அவள் திருச்சபைச் சட்டத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அறுநூறு வருஷத்துக்கு முன் மூன்று பேர் ஆளாளுக்குத் தானே பாப்பரசர் என்று உரிமை கொண்டாடியபோது, ஆயர்களின் பொதுச்சங்கம் கூடித்தான் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆகவே பாப்பரசரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்று அந்த வாரம்தான் எழுதி முடித்திருந்தாள்.

கணவன் ஜெயக்காந்தன் மூன்று நாள் பொறுத்தான். பிறகு சொன்னான், “அழிச்சிடு லா, சுகந்தி. பாப்பாண்டவரோட நமக்கு என்ன சண்டை?”

அவள் அழிக்கத்தான் உட்கார்ந்தாள். அதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார். பங்கு ஃபாதர், சாகும் முன் கொடுக்கும் நற்கருணை அப்பத்தோடு ஓடிவந்தார். கட்டிலருகே நின்று வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, செபம் வரவில்லை. வியர்த்துப்போய்க் கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் அவருக்குக் குரல் திரும்பியது.

“இத எடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. பிஷப்புக்கு இருக்கான்னும் தெரியல.”

அப்பாவின் கண்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. மன்னிப்புக் கேட்கலாமா என்று சுகந்தினி நினைத்தாள். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ஆனால் அந்தத் தடைக்கு ஒரு விலக்கு உண்டு என்பது தெரியும். அந்த விலக்கை எழுதியதும் பாப்பரசர்கள்தான். அறை நடுவில் நின்று, கோர்ட்டில் பேசுவதுபோல் மேலே பார்த்துப் பேசினாள்.

“சாகக்கிடக்கிறவங்களுக்கு நற்கருணை குடுக்கலாம்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. நீங்க எழுதினது உங்களுக்கும்தான்.”

தரைக் குளிர் முழங்கால் வரை ஏறியது. கூரை மடமடவென்றது. தாங்கள் இருவரும் அங்கேயே நசுங்கப் போகிறோம் என்று நினைத்து அவள் அப்பாவின் மேல் கவிழ்ந்துகொண்டாள். அப்போது மாதா படத்தின் முன்னால் மெழுகுவத்தி தானாகப் பற்றியது. ஃபாதர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தார்.

அப்பா அன்று சாகவில்லை. ஆய்வு ஒரு வரி மாறாமல் போய்ப் பட்டமும் வந்தது. தடை மட்டும் நீங்கவில்லை. வருஷங்களாக, மாதத்தின் முதல் வெள்ளியன்று ஃபாதர் வந்து, யாரும் சொல்லாமலே, தடைக்காலப் பூசைக்கான பழைய விதிப்படி ஜன்னல்களைச் சாத்தி, குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். அப்பா நற்கருணைக்கு வாயைத் திறக்கிறார். சுகந்தினி கூரையை ஒரு கண் பார்த்தபடியே நிற்கிறாள். சட்டப்படி அப்பா இன்னும் சாகக்கிடக்கிறவர்தான்.