கெல்லிவில்லுக்குப் போன பெட்டி

ஆபர்னில் நெர்மினின் துருக்கி இனிப்புக் கடையில் மேனுகா வேலைக்குச் சேர்ந்து நாலு வருடமாகிவிட்டது. படகில் அகதியாக வந்தவள். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து இருக்கிறாள். கிரவீனில் ஒரு அறை, ரயிலில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயில். கடையில் கை சுத்தமும் கவனமும் உள்ளவள் என்று பெயர். நெர்மினுக்கு அவள்மேல் நம்பிக்கை அதிகம். மேனுகா அவளை "அப்லா" என்று கூப்பிடுவாள். துருக்கி மொழியில் அக்கா என்று அர்த்தம்.

தை மாதத்துச் சனிக்கிழமை அது. இங்கே தை என்றால் கோடை; வெளியே நாற்பது பாகை வெயில். ஒன்றரை மணிக்குப் பட்டுப்புடவையில் ஒரு பெண் உள்ளே வந்தாள். கையில் கார்ச் சாவி, தலையில் மல்லிகை. கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்துத் தனக்குள்ளேயே, "எதை எடுக்குறதுன்னே தெரியலையே" என்றாள்.

"நான் சொல்லட்டே அக்கா?" என்றாள் மேனுகா.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "அய்யோ, தமிழா! நல்லதாப் போச்சு. கெல்லிவில்ல வீடு கட்டியிருக்கோம். காலைல கிரகப்பிரவேசம் முடிஞ்சுது. நாலு மணிக்கு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வர்றாங்க. லட்டு, ஜாங்கிரின்னு எல்லாரும் குடுக்குறதையே குடுக்க வேணாம்னு பார்த்தேன்."

மேனுகா ஒவ்வொன்றாகக் காட்டினாள். சேமியாவைப் போன்ற மெல்லிய இழைகளுக்கு நடுவே உப்பில்லாத சீஸை வைத்துச் சுட்டுப் பாகு ஊற்றிய குனெஃபே. அதைச் சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் சீஸ் ரப்பராகிவிடும். நாற்பது அடுக்குப் பிஸ்தா பக்லாவா. மேல்பக்கம் தீயில் கருகிய அரிசிப் பாயசம், சுத்லாச். ரோஜா மணக்கும் மெத்தென்ற ஜெல்லித் துண்டு, லோகும். வெள்ளையாகச் சுருட்டி வைத்திருந்த ஒரு பால் இனிப்பை அந்தப் பெண் விரலால் காட்டியதும் மேனுகா தலையசைத்தாள்.

"அது வேண்டாம் அக்கா. அதுக்குள்ள கோழி இறைச்சி கிடக்கு. நூல் நூலாப் பிச்சுப் பாலில காய்ச்சுறது. நீங்கள் சைவமோ தெரியேல்ல."

"ஸ்வீட்ல சிக்கனா! நல்லவேளை சொன்னீங்க. மாமியார் வேற வந்திருக்காங்க." அவள் சிரித்தாள். பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்தினாள். "இன்னொன்னு கேக்கணும். எங்க வீட்டுக்காரருக்குக் கடலை ஆகவே ஆகாது. ஒரு துண்டு உள்ள போனாலும் மூச்சு முட்டிடும். முந்திரி, பிஸ்தாவெல்லாம் பிரச்சினை இல்ல. கடலை மட்டும்தான். இதுல எதுலயாவது கடலை இருக்கா?"

மேனுகாவுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. "இல்லை அக்கா. கடலை வறுத்தது விக்கிறனாங்கள்தான், ஆனா அது பின்னுக்குத் தனிய மூட்டையில கிடக்கு. இனிப்பு ஒண்டுக்கும் போடுறேல்ல. பயப்பிடாமக் குடுங்கோ."

"அப்ப எல்லாத்துலயும் கலந்து ஒரு பெரிய பெட்டி போடுங்க."

மேனுகா நிரப்பினாள். பக்லாவா, லோகும், கடைசி வரிசையில் ஜெசெர்யே. கேரட்டைச் சர்க்கரையோடு மணிக்கணக்கில் கிண்டிக் கெட்டியாக்கித் துண்டு போட்டுத் தேங்காய்த் துருவலில் புரட்டிய இனிப்பு அது. நெர்மின் பிறந்த ஒஸ்மானியே பக்கம் கச்சான் விளையும் மண். அதனால் அவள் அதற்குள் நிறையக் கச்சான் உடைத்துப் போடுவாள். பெட்டியை நாடாவால் கட்டிக் கொடுத்து, "போட்டு வாங்கோ" என்று வாசல் வரை வந்து அனுப்பினாள் மேனுகா. தமிழில் நாலு வார்த்தை பேசிய சந்தோஷம் அவளுக்கு வெகுநேரம் இருந்தது.

மூன்று மணிக்கு சடகோபன் வந்தார். மாதம் ஒருமுறை பக்லாவா வாங்கிப் போகிறவர். கணினித் துறையில் வேலை, ஐம்பத்தைந்து வயது, கெல்லிவில்லில்தான் வீடு. மேனுகா வழக்கம்போல ருசி பார்க்க ஒரு துண்டு ஜெசெர்யேயை நீட்டினாள். அவர் மென்றுகொண்டே சிரித்தார்.

"அட! நம்ம கடலை மிட்டாய் மாதிரியே இருக்கேம்மா!"

மேனுகாவும் சிரித்தாள். "கடலையில என்ன மிட்டாய் அங்கிள்?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? கடலை மிட்டாய் தெரியாதா? வேர்க்கடலையும் வெல்லப்பாகும். இதுக்குள்ள போட்டிருக்கீங்களே, அதேதான். பீநட்."

"இது கச்சான் அங்கிள்."

"நீங்க கச்சான்னு சொல்லுவீங்களா? நாங்க கடலைன்னுதான் சொல்லுவோம்."

"அப்ப... கடலை? அவிச்சுத் தேங்காய்ச் சொட்டுப் போட்டுச் சாப்பிடுற..."

"அது கொண்டைக்கடலை."

மேனுகாவின் கையிலிருந்த இடுக்கி கண்ணாடிமேல் விழுந்தது.

அவள் ஊரில் கடலை என்றால் கொண்டைக்கடலை ஒன்றுதான். கடையின் பின்னால் மூட்டையில் கிடப்பதும் அதுதான். அந்தப் பெண் கேட்டது வேறு. அவள் தெளிவாகத்தான் கேட்டாள். ஒரு துண்டு போனாலும் மூச்சு முட்டும் என்றுகூடச் சொன்னாள். பயப்படாமல் கொடுங்கள் என்று சொன்னவள் மேனுகாதான்.

சடகோபன் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குக் காதில் விழவில்லை. முதலில் வந்தது பயம். ஆள் செத்தால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் விசா போகும். விசா போனால்? அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாது. வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அப்படி ஒரு நினைப்பு அவளுக்குள் வந்ததும், அது எவ்வளவு நேரம் நின்றது என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. நாலு மணிக்கு ஆட்கள் வருவார்கள்.

"அங்கிள்," என்றாள். "நான் ஒரு பிழை செய்துபோட்டன்."

சொல்லி முடிப்பதற்குள் நெர்மின் மாவுக் கையோடு பின்கட்டிலிருந்து வந்துவிட்டாள். மேனுகா மறுபடி ஆங்கிலத்தில் சொன்னாள். நெர்மின் சத்தம் போடவில்லை. ஜெசெர்யே தட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு ஒரே கேள்வி கேட்டாள்: "அவர்கள் வீடு எங்கே?"

அதுதான் தெரியவில்லை. அந்தப் பெண் அட்டையைத் தட்டிப் பணம் கட்டியிருந்தாள், பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. விலாசம் இல்லாமல் ஆம்புலன்ஸை எங்கே அனுப்பச் சொல்வது?

"கெல்லிவில், இன்னிக்கு கிரகப்பிரவேசம், அவ்வளவுதானே? இரு," என்று சடகோபன் தொலைபேசியை எடுத்தார். கெல்லிவில் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். இன்று யார் வீட்டில் கிரகப்பிரவேசம், உயிர் போகிற அவசரம்.

பதில்கள் வந்தன. ஒருவர் கும்பிடும் கைகளை அனுப்பினார். ஒருவர் "வாழ்த்துகள்" என்றார். இன்னொருவர் என்ன அவசரம் என்று கேட்டார். நல்ல முகூர்த்த நாள் என்பதால் இரண்டு வீடுகள் தேறின. முதல் வீட்டில் ஜெகதீஷ் என்பவர் எடுத்தார். அவர்கள் ஹரிஸ் பார்க் இந்தியக் கடையில் மைசூர்பாகு வாங்கியிருந்தார்கள், துருக்கி இனிப்பு எதுவும் இல்லை. இரண்டாவது வீடு ஹரிப்பிரியா, விவேக். விலாசம் கிடைத்தது. எண்ணும் கிடைத்தது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நெர்மின் ஆம்புலன்ஸுக்கு அடித்தாள்; யாருக்கும் எதுவும் ஆனதாகத் தெரியாமல் வண்டி அனுப்ப முடியாது, அறிகுறி தெரிந்ததும் கூப்பிடுங்கள் என்றார்கள்.

"அந்தப் புதுத் தெருவுல எனக்கு யாரையும் தெரியாது. என் வீட்டுக்காரி கலா ஊருக்குப் போயிருக்கா. இல்லன்னா அவளை ஓடச் சொல்லியிருப்பேன்," என்று சடகோபன் சாவியை எடுத்தார். "வாம்மா, ஏறு."

நெர்மின் மேனுகாவின் முதுகைத் தள்ளினாள். "போ. நான் இங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்."

ஜேம்ஸ் ரூஸ் சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. மேனுகா மடியில் தொலைபேசியை வைத்து அந்த எண்ணை அழுத்திக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு முறை. பதின்மூன்று முறை. சடகோபன் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஸ்டீயரிங்கைத் தட்டினார்.

"அவர் சாப்பிட்டிருக்க மாட்டாரும்மா. ஆளுங்க வந்த பிறகுதானே பெட்டியைப் பிரிப்பாங்க."

"பிரிச்சிருப்பினம் அங்கிள். புதுசா ஒரு சாமான் வந்தா முதல் வீட்டுக்காரர்தான் ஒண்டு எடுத்துப் பாக்கிறது."

சடகோபன் பக்கத்து வரிசைக்கு வண்டியை மாற்றினார்.

நாலு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது அந்தத் தெருவுக்குள் திரும்பினார்கள். இன்னும் புல்கூட முளைக்காத புது வீடுகள். ஒரு வாசலில் மட்டும் மாவிலைத் தோரணம், வாழைக்கன்று, ஏழெட்டுக் கார்கள். உள்ளே நாதஸ்வரம் சத்தமாக ஒலித்தது. மேனுகா செருப்போடு உள்ளே ஓடினாள்.

கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் அந்தப் பெட்டி, நாடா அவிழ்ந்து கிடந்தது. ஜெசெர்யே வரிசையில் நாலைந்து துண்டுகள் இல்லை.

ஹரிப்பிரியா அவளைப் பார்த்து, "நீங்களா? இங்க எப்படி..." என்று எழுந்தாள்.

"உங்கட அவர் எங்க அக்கா?"

"மாடில படுத்திருக்கார். காலைல ஹோமப் புகை ஒத்துக்கல. உடம்பெல்லாம் தடிச்சு, வாந்தி வேற. மாத்திரை போட்டுட்டுத் தூங்குறேன்னார். ஏன்?"

"இது புகை இல்லை. அதுக்குள்ள கச்சான்... பீநட் இருக்கு. நீங்கள் கடலை எண்டு கேட்டது எனக்கு விளங்கேல்ல. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

ஹரிப்பிரியா புடவையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

விவேக் கட்டிலில் பாதி எழுந்து, சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உதடுகள் வீங்கிப் பளபளத்தன. கண்கள் பாதி மூடியிருந்தன. மூச்சு இழுக்கும்போது விசில் போல ஒரு சத்தம் வந்தது. மனைவியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். குரல் வரவில்லை.

"ஊசி! ஊசி எங்க?" ஹரிப்பிரியா கைப்பையைத் தலைகீழாகக் கொட்டினாள். சீப்பு, கண்ணாடி, ரசீதுகள், கடைசியில் ஒவ்வாமைக்காக எப்போதும் கூடவே வைத்திருக்கும் அந்த ஊசிக் குழாய். அதன் மூடியைப் பிடுங்க அவள் விரல்களால் முடியவில்லை. "எனக்கு முடியல, முடியல..."

மேனுகா முழங்காலில் நின்று, குழாயில் ஒட்டியிருந்த விளக்கப் படத்தைப் பார்த்தபடி விவேக்கின் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். "நான் பிடிச்சிருக்கிறன். மூடியை இழுங்கோ. ஓம், அப்பிடித்தான். துடையில, வெளிப்பக்கம். வேட்டிக்கு மேலாலயே குத்துங்கோ. எடுக்காதேங்கோ. ஒண்டு, ரெண்டு, மூண்டு."

கீழே சடகோபன் ஆம்புலன்ஸுக்கு விலாசத்தைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. யாரோ நாதஸ்வரத்தை நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகான நிமிடங்களை மேனுகா தன் வாழ்நாளில் மறக்கப் போவதில்லை. விவேக்கைச் சாய்த்து உட்காரவைத்துக் கால்களை நீட்டிவிட்டிருந்தார்கள். ஹரிப்பிரியா அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த விசில் சத்தம் சற்றுக் குறைந்தது போல இருந்தது, பிறகு கூடியது. ஆறாவது நிமிடத்தில் சைரன் கேட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் மேலே வந்து இரண்டாவது ஊசி போட்டார்கள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். இறக்கிக் கொண்டுபோகும்போது விவேக்கின் கண்கள் திறந்திருந்தன.

ஹரிப்பிரியா வண்டியில் ஏறப் போனவள் நின்று திரும்பினாள். "நான் உங்ககிட்ட கேட்டேன்ல? அவ்வளவு தெளிவா கேட்டேன்ல?"

"ஓம் அக்கா. கேட்டனீங்கள்."

கதவு மூடிக்கொண்டது. விருந்தாளிகளில் ஒருவர் மேனுகாவிடம் வந்து, கடையின் பெயர் என்ன, உன் பெயர் என்ன என்று கேட்டார். புகார் கொடுக்க வேண்டும் என்றார். மேனுகா இரண்டையும் சொன்னாள். பெயரை எழுத்துக் கூட்டியும் சொன்னாள். சடகோபன் குறுக்கே பேச வந்தபோது, "விடுங்கோ அங்கிள்," என்றாள்.

அவர்கள் மருத்துவமனைக்குப் போய் வெளி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரியும். இருந்தும் எழுந்து போக அவளால் முடியவில்லை. நெர்மின் அரை மணிக்கு ஒருமுறை கூப்பிட்டாள். மூச்சு விடுகிறாரா என்று மட்டும் கேட்டாள். ஏழே முக்காலுக்கு, வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, ஹரிப்பிரியா வந்தாள். மல்லிகை வாடித் தோளில் தொங்கியது.

"நல்லா இருக்கார். ராத்திரி வச்சுப் பார்த்துட்டு அனுப்புவாங்களாம்." நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினாள். "டாக்டர் சொன்னார், மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்கவிட்டிருந்தா அவ்வளவுதானாம். நானும் புகைன்னே நம்பிட்டேன். ஏன்னா நீங்க இல்லன்னு சொல்லியிருந்தீங்க."

மேனுகா எழுந்து நின்றாள்.

"எனக்கு உங்க மேல கோவம் போகலைங்க. போகுமான்னும் தெரியல. ஆனா நீங்க வந்தீங்க. வராமலும் இருந்திருக்கலாம்." அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி உள்ளே போனாள்.

சடகோபனின் காரில் ஏறிய பிறகுதான் மேனுகா அழுதாள். அவர் கிரவீனில் அவள் அறை வாசல் வரை கொண்டுபோய் விட்டார்.

புகார் போனது. செவ்வாய்க்கிழமை நகரசபையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து சமையலறையைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், மேனுகாவை உட்காரவைத்து முழுக்கக் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னாள். எந்தச் சொல்லில் தவறு நேர்ந்தது என்பதை விளக்கத்தான் நேரமெடுத்தது. அதிகாரி கடைக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். ஒவ்வொரு தட்டிலும் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வைக்கச் சொன்னார். விசாவைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நெர்மின் மேனுகாவை வேலையிலிருந்து எடுக்கவில்லை. தன் கடையில் தானே எழுதி ஒட்டாதது தன் தவறு என்றாள்.

அடுத்த நாள் மாலை கடைத் தொலைபேசி அடித்தது. ஹரிப்பிரியா. அதிகாரி தன்னையும் கூப்பிட்டதாகவும், மேனுகா தேடி வந்ததைத் தானும் அவரிடம் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். குரலில் சிநேகம் இல்லை, சண்டையும் இல்லை. "ஒரு நிமிஷம், இவர் பேசணுமாம்," என்றாள்.

விவேக்கின் தொண்டை இன்னும் கரகரத்தது.

"அந்த கேரட் ஸ்வீட் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க," என்றார். "அதான் ரெண்டாவது எடுத்தேன்."

மேனுகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கவனமா இருங்கோ அண்ணா," என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். நெர்மின் ஒரு கோப்பைத் தேநீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, கடையைப் பார்க்கப் போனாள்.