பள்ளங்கியில் இல்லாத குளம்

பள்ளங்கியில் லீலா வீட்டுக்குக் கீழே இருக்கும் புல்தரையில், மார்கழி முழுக்க, அறுபது காட்டு வாத்துகள் முழங்கால் உயரத்தில் வெறும் காற்றில் நீந்திக்கொண்டிருந்தன. ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பீன்ஸ் விலை விழுந்திருந்த நேரம், வாத்தை வேடிக்கை பார்க்க யாருக்குப் பொழுது? தை பிறந்ததும் இரண்டு வாத்துகள் செத்துக் காற்றிலேயே மிதந்தன. பறவைக் காய்ச்சல் என்று ஆய்வுக்கூடத்திலிருந்து தாள் வந்தது.

அந்தத் தாள் கொடைக்கானலில் ஆக்ஸிலியாவின் மேசைக்குப் போனது. நோய் எந்த நீர்நிலையிலிருந்து எங்கே பரவும் என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. பழைய படங்களைத் திறந்தாள். லீலா வீட்டுக்குக் கீழே கறுப்பாக ஒரு குளம்! மேக நிழல் என்று அவளே ஆறு முறை அதை அழித்திருந்தாள். மலையில் மேகத்துக்கா பஞ்சம்? ஆனால் எந்த மேகம் ஒரு மாதம் ஒரே இடத்தில் நிற்கும்? அடி பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஐந்து நாளைக்கு ஒரு படம். படத்துக்குப் படம் குளத்தின் விளிம்பு முப்பது மீட்டர் மேலேறியிருந்தது. லீலாவின் கோழிக் கொட்டகைக்கு மிச்சம் இருபது மீட்டர்தான். அடுத்த படத்துக்கு மூன்று நாள்.

லீலா ஆக்ஸிலியாவின் செத்துப்போன அண்ணனின் மனைவி. முந்நூறு நாட்டுக்கோழிகள்தான் பிழைப்பு. ஒன்றுக்கு நோய் வந்தாலும் சுற்றுவட்டம் ஒரு கிலோமீட்டருக்கு அத்தனையையும் கொன்று புதைத்துவிடுவார்கள். ஆக்ஸிலியா அன்றே பள்ளங்கிக்கு ஓடினாள்.

“மதினி, தண்ணி ஏறி வருது. வெரசா கரை கட்டணும்.”

“சொட்டுத் தண்ணி இல்லாத எடத்துல கரையா? வாத்து நீந்துனா அது அதுக சோலிம்மா.”

ஆக்ஸிலியா புல்தரைக்குள் இறங்கி நடந்து திரும்பினாள். முழங்கால்வரை சுடிதார் சொட்டியது.

“மாதாவே!” என்று லீலா மண்வெட்டியை எடுத்தாள்.

காய்ந்த புல்லில் இருவரும் மூன்று நாள் மண் வெட்டிப் போட்டார்கள். “அப்படியே மீனும் விடுங்க” என்று பக்கத்துத் தோட்டத்து மணியன் சிரித்தான். மூன்றாம் நாள் காலை பத்தே முக்காலுக்குச் செயற்கைக்கோள் கடக்க வேண்டும்; படம் விழும் அந்த நொடியில்தான் குளம் ஏறும். பத்தரைக்குக் கரையில் இன்னும் ஒரு ஆள் அகலம் திறந்து கிடந்தது. வெட்ட நேரமில்லை. லீலா கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு அந்த இடைவெளியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பத்தே முக்காலுக்கு அவள் முதுகு நனைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். மணியன் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஓடிவந்து அவளுக்கு முன்னால் மண்ணைக் கொட்டினான்.

சாயங்காலம் வந்த படத்தில் குளம் கரையோடு நின்றிருந்தது. அதிகாரிகள் வந்து முந்நூறு கோழிகளையும் சோதித்தார்கள். ஒன்றுக்கும் நோயில்லை. மாசியில் வாத்துகள் வடக்கே போய்விட்டன. இப்போதும் அந்தப் புல்தரையைக் கடக்கிற பெண்கள் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.